உலை வைக்கும் முன் சொன்னால்தான் டோக்கன் காசு

ஊரில் பெயர் வாங்கிய மெஸ் ஒன்று. மதியத்துக்கு இத்தனை இலைதான் என்று கணக்கு. காலையிலேயே டோக்கன் எடுத்தவருக்குத்தான் பந்தியில் இடம். எடுத்தவர் வர முடியாமல் போனால், உலையில் அரிசி போடுவதற்குள் வந்து சொல்ல வேண்டும். கல்லாவில் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சோறு பொங்கிய பிறகு போய் நின்றால், "நீங்க சாப்பிட்டாலும் ஒண்ணுதான், சாப்பிடாட்டியும் ஒண்ணுதான்" என்பார் கல்லாக்காரர். வாசலில் இன்னொருவர் இருப்பார். வரிசையில் நிற்க நேரமில்லாதவர்களுக்கு டோக்கன் எடுத்துத் தருவது அவர் பிழைப்பு. அவருடைய கூலி தனி. டோக்கன் விலையில் அது சேராது.

பிரிட்டனில் கார் ஓட்டும் தேர்வுக்குப் பதிவு செய்து, பிறகு ரத்து செய்கிறவரின் பணம் எப்போது திரும்பும் என்பதை இந்த மெஸ்ஸை வைத்தே விளக்கிவிடலாம். நம்மவர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்திய லைசன்ஸோ இலங்கை லைசன்ஸோ வைத்திருப்பவர், அங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் அதைக் காட்டிக் கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு, பத்து வருடம் சென்னை நெரிசலில் ஓட்டிய கையாக இருந்தாலும், புரொவிஷனல் (பழகுநர்) லைசன்ஸ் எடுத்து, தியரி எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். தேதி கிடைப்பதே பெரும்பாடு. 2025 செப்டம்பரில் சராசரிக் காத்திருப்பு 22 வாரம் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது.

முதலில் மெஸ்ஸின் கல்லா. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் தேர்வு நடத்துவது டிவிஎஸ்ஏ என்ற அரசு முகமை. கட்டணம் வார நாளில் 62 பவுண்ட். மாலை, வார இறுதி, அரசு விடுமுறை என்றால் 75. ரத்து செய்து முழுப் பணமும் வாங்க, தேர்வுக்கு முன்னால் 10 முழு வேலை நாள் இடைவெளி இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 8 வரை மூன்றே நாள் போதுமாக இருந்தது. பழைய கணக்கைச் சொல்லும் அண்ணன்மார் இன்னும் உண்டு, நம்பிவிடக் கூடாது. தியரி தேர்வுக்கு மட்டும் (23 பவுண்ட்) அந்த மூன்று நாள் விதி நீடிக்கிறது.

இந்தப் பத்து நாளை எண்ணுவதில்தான் பலருக்குப் பணம் போகிறது. சனிக்கிழமை வேலை நாள். ஞாயிறும் அரசு விடுமுறையும் இல்லை. ரத்து செய்யும் நாளும் தேர்வு நாளும் கணக்கில் வராது. 20-ம் தேதி வியாழக்கிழமை தேர்வு என்று வையுங்கள். 19-லிருந்து பின்னோக்கி எண்ணி, 16, 9 ஆகிய இரண்டு ஞாயிறுகளையும் தள்ளினால் பத்தாவது நாள் 8-ம் தேதி சனிக்கிழமையில் வந்து விழும். ஆகவே 7-ம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் ரத்து செய்தாக வேண்டும். இடையில் ஈஸ்டரோ கிறிஸ்துமஸோ வந்தால் இன்னும் முன்னே போகும். ரத்து செய்யாமல் தேதியை மட்டும் தள்ளிப்போடுவதற்கும் இதே கெடுதான். தாமதமாகத் தள்ளினால் மறுபடி கட்டணம் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆன்லைனில் எதை வாங்கினாலும் 14 நாளுக்குள் மனம் மாறலாம் என்று அந்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறதே, அதைக் காட்டிக் கேட்க முடியாதா? டிவிஎஸ்ஏ கல்லாவில் அதைக் காட்டிப் பயனில்லை. தேர்வுக் கட்டணம் கடைக்காரர் வைத்த விலை இல்லை, சட்டம் வைத்த கட்டணம். அது எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் திரும்பலாம் என்பதை 1988-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 91-வது பிரிவே சொல்லிவிடுகிறது. தேதியே தரப்படாவிட்டாலோ அரசுத் தரப்பு ரத்து செய்தாலோ திரும்பும். நீங்கள் உரிய அறிவிப்போடு ரத்து செய்தால் திரும்பும். நீங்கள் போய் நின்றும், உங்கள் மேலும் நீங்கள் கொண்டுபோன வண்டி மேலும் குற்றமில்லாத காரணத்தால் தேர்வு நடக்காமலோ பாதியில் நின்றோ போனால் திரும்பும். நீதிமன்றம் உத்தரவிட்டால் திரும்பும். மற்றபடி இல்லை என்று பூட்டும் போட்டிருக்கிறது.

வண்டி மேல் குற்றம் என்ற அந்தச் சொற்களைக் கவனியுங்கள். எல் பலகை இல்லை, டயர் தேய்ந்திருக்கிறது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றால் தேர்வாளர் ஏற மாட்டார், கட்டணமும் போய்விடும். கார் உங்களுடையதா இன்ஸ்ட்ரக்டருடையதா என்று பார்ப்பதில்லை. நீங்கள் கொண்டுவந்த கார், அவ்வளவுதான். புரொவிஷனல் லைசன்ஸ் அட்டையை வீட்டில் மறந்து வைத்தவருக்கும் அதே கதி. பனி கொட்டி, சாலை உறைந்து தேர்வு நின்றால் வேறு தேதி இலவசமாகத் தருவார்கள், ஆனால் அன்றைய கார் வாடகையைக் கேட்க முடியாது. தேர்வாளர் வரவில்லை என்பது போன்ற காரணத்தால் கடைசி நேரத்தில் டிவிஎஸ்ஏ தானே ரத்து செய்தால், கார் வாடகை, இழந்த சம்பளம் போன்ற கைச்செலவையும் எழுதிக் கேட்கலாம். கடும் நோய், வீட்டில் சாவு போன்ற காரணத்தால் கெடு தவறியவர் சான்றோடு எழுதிப் பார்ப்பதில் தப்பில்லை.

பத்து நாள் கெடுவுக்கு அரசு சொல்லும் நியாயம், காலியான இடத்தை இன்னொருவருக்குத் தர அவகாசம் வேண்டும் என்பது. சரிதான். ஆனால் இந்த மெஸ்ஸின் வாசலில் 22 வார வரிசை நிற்கிறது! நேற்று ரத்தான இலையில் இன்று உட்கார ஆயிரம் பேர் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். உலை ஏறிய பிறகும் சோறு வீணாகாத மெஸ்ஸில், காசைத் திருப்பித் தராமல் இருப்பது நஷ்டத்தை ஈடுகட்ட இல்லை. தயாராகாதவர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் கைவிடக் கூடாது என்ற மிரட்டல்தான். அதைச் செய்ய அரசுக்குக் காரணம் இருக்கலாம். அதற்கு வேறு பெயர் சூட்ட வேண்டியதில்லை.

இனி வாசலில் நிற்பவரிடம் வருவோம். யாரோ ரத்து செய்த தேதியைத் தேடிப் பிடித்துத் தருகிறோம் என்னும் ஆப்களும் இணையதளங்களும் இவர்தான். 62 பவுண்ட் இடத்துக்குச் சிலர் 500 பவுண்ட் வரை கொடுத்திருப்பதாகத் தணிக்கை அலுவலகத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. இவரிடம் கொடுத்த பணம் வேறு சட்டத்துக்குள் வருகிறது. இவர் வியாபாரி, நீங்கள் நுகர்வோர், நடந்தது ஒப்பந்தம். ஆகவே டிவிஎஸ்ஏ கல்லாவில் செல்லாத 14 நாள் உரிமை இங்கே செல்லும். 2013-ல் இயற்றப்பட்ட நுகர்வோர் ஒப்பந்த விதிகள் அதைத் தருகின்றன.

இதிலும் உலைக் கணக்கு உண்டு. பணம் வாங்கியவர் இன்னும் வரிசையில் நிற்கவே ஆரம்பிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொன்னவருக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். சொன்னதிலிருந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். உடனே வேலையைத் தொடங்குங்கள் என்று நீங்களே கேட்டிருந்து, பாதியில் நிறுத்தினால், நடந்த வேலைக்கு உரிய பங்கை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். தேதியைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டார், வேலை முடிந்தால் ரத்து உரிமை போகும் என்று முன்பே உங்களிடம் ஒப்புதலும் வாங்கியிருக்கிறார் என்றால் உரிமை தீர்ந்தது. பணம் கட்டும் பக்கத்தில் அவசரமாகத் தட்டிவிட்டுப் போகும் அந்தச் சின்னக் கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது.

ரத்து செய்யும் உரிமை உண்டு என்பதையே அவர் சொல்லவில்லை என்றால் கதை தலைகீழ். 14 நாள் என்ற கெடு மேலும் 12 மாதம் வரை நீளும். அந்த இடைவெளியில் செய்த வேலைக்கும் அவர் கூலி கேட்க முடியாது. "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பல தளங்கள் நினைக்கின்றன. சட்டம் கொடுத்த உரிமையை அந்த வரி அழிக்காது. கேட்ட ஊரை விட்டு வேறு ஊர் மையத்தில் தேதி எடுத்துக் கொடுத்தால், 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி சரியாகச் செய்யச் சொல்லலாம், முடியாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

ஒரு கண்ணி மட்டும் நினைவில் இருக்கட்டும். வாசல்காரரே பதிவு செய்து தந்திருந்தால், டோக்கன் காசு கல்லாவுக்குப் போனது அவர் கையிலிருந்து. தேர்வைக் கெடுவுக்குள் ரத்து செய்தாலும் 62 பவுண்ட் திரும்பப் போவது கட்டிய கார்டுக்கு. அது அவருடைய கார்டு! பணம் வந்துவிட்டதா என்று டிவிஎஸ்ஏவிடம் கேட்டுவிட்டு, அவரிடம்தான் வசூலிக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், போனில் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. 2025 நவம்பரில் அரசு அறிவித்த மாற்றத்தின்படி, கார் தேர்வுக்குக் கற்பவரே பதிவு செய்ய வேண்டும், பிறர் கை வைக்கக் கூடாது. அது இந்த வாசல் வியாபாரத்தைச் சுருக்கும். ஏற்கனவே கொடுத்த பணத்தைக் கேட்கும் உரிமையைச் சுருக்காது.

கேட்டும் தரவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கி இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள சேவைக்குக் கிரெடிட் கார்டில் நேரடியாக அவருக்கே கட்டியிருந்தால், 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு வங்கியையும் கூட்டுப் பொறுப்பாளி ஆக்குகிறது. டெபிட் கார்டு என்றால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்ப இழுப்பது, கேட்கலாம். அது சட்ட உரிமை இல்லை, கார்டு நிறுவனங்களின் ஏற்பாடு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. இன்ஸ்ட்ரக்டருக்குக் கட்டிய வகுப்புப் பணம் இன்னொரு தனி ஒப்பந்தம். அவருடைய நிபந்தனைத் தாளைப் பார்க்க வேண்டியதுதான்.

நீதிமன்றம் என்று மேலே சொன்னது அபூர்வம், ஆனாலும் உண்டு. தேர்வு விதிப்படி நடத்தப்படவில்லை என்று நினைக்கிறவர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும், ஸ்காட்லாந்தில் 21 நாளுக்குள் ஷெரிஃப் நீதிமன்றத்துக்கும் போகலாம். வென்றால் மறுதேர்வு நடத்தவும் கட்டணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவு கிடைக்கலாம். ஃபெயிலைப் பாஸ் ஆக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை.