இரும்பு இசை – 9: டிரம்மர் காலைக் காட்டு!

போன வாரம் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் 2007 மார்ச் 17 அன்று நடந்த, அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் கச்சேரியைப் பார்த்தோம். திண்டுக்கல்லிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடிகாலையில் பெங்களூரில் இறங்கிவிடலாம். அதனால் எங்கள் ஊரிலிருந்தும் சிலரால் போக முடிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று அதே குழு மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் வாசித்தபோது கதை வேறு. ரயில் கட்டணம், நுழைவுச் சீட்டு, தங்கும் செலவு, மூன்று நாள் லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் ஊரிலேயே இருந்துவிட்டோம். அந்த மேடையை நாங்கள் பார்த்தது ‘ஃப்ளைட் 666’ படத்தில்தான்.

2009 ஏப்ரலில் உலகின் பல நாட்டுத் தியேட்டர்களில் ஓடி, பிறகு டி.வி.டி.யாக வந்த படம் அது. கனடாக்காரர்களான சாம் டன்னும் ஸ்காட் மெக்ஃபேடனும் எடுத்தது. 45 நாளில் 23 கச்சேரி. குழுவையும் டன் கணக்கான சாமான்களையும் ஏற்றிக்கொண்டு பறந்த போயிங் 757 விமானத்துக்குப் பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானி. ஸ்டான்ஸ்டெட்டில் கிளம்பி, பாகுவில் இறங்கி, அங்கிருந்து நேராக மும்பை. பயணத்தின் முதல் கச்சேரியே நம் நாட்டில். டி.வி.டி.யின் இரண்டாவது தட்டில் முழுப் பாடல்கள் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் எடுத்தது. ‘தி ட்ரூப்பர்’ டோக்கியோவில், ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பியூனஸ் ஐரிஸில். முதல் பாட்டு ‘ஏசஸ் ஹை’ மும்பையில்.

எங்களுக்கு அந்தத் தட்டு கடையில் கிடைக்கவில்லை. சென்னையில் லேண்ட்மார்க் கடைக்குப் போய்வரும் யாராவது வாங்கி வந்தால் உண்டு. அதுவரை பொறுக்க முடியாது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டின் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அப்போது எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. இந்த ஒரு சலுகையால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எத்தனை பேருக்கு உலக இசை அறிமுகமானது என்பதை யாராவது எழுத வேண்டும். அலாரம் வைத்து எழுந்து, இறக்கத்தை ஓடவிட்டுவிட்டுத் திரும்பப் படுப்போம். பல இரவுகள் சேர்ந்தால் ஒரு கச்சேரி.

பார்த்த இடம் பேகம்பூர் பக்கம் ஒரு நண்பரின் மாடி அறை. கூடியவர்களில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒருவர், பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேர், திருவிழாக்களுக்கு நையாண்டி மேளம் வாசிக்கும் குடும்பத்திலிருந்து வந்த தவில்காரர் ஒருவர். அந்த ஆண்டுகளில் மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முதல் முறை ‘ஏசஸ் ஹை’ போட்டபோது இரண்டாவது சோலோ தொடங்கும் இடத்தில் கரண்ட் போனது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு பேசியதுதான் அன்றைய விமர்சனக் கூட்டம்.

“மாப்ள, சோலோ வாசிக்கிறது ஒருத்தன், கேமரா நிக்கிறது இன்னொருத்தன்கிட்ட. கவனிச்சியா?”

“அது ஜானிக்டா. அவரு கிட்டாரைச் சுத்தி வீசுவாருல்ல, அதான் கேமராக்காரனுக்குப் புடிச்சுப்போச்சு.”

“வீசுறதைப் பாக்கவா உக்காந்திருக்கோம்? விரலைக் காட்டச் சொல்லுடா.”

இந்தப் பேச்சின் நியாயம் புரிய அந்தப் பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மேடையில் மூன்று கிட்டார்கள். ‘ஏசஸ் ஹை’ பாட்டில் முதல் சோலோ டேவ் மர்ரே, அடுத்தது ஏட்ரியன் ஸ்மித். மர்ரேயின் விரல் வழுக்கிக்கொண்டு போகும், நாதம் தொடர்ந்து ஓடும். ஸ்மித் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வைத்துப் பேசுவார். ஜானிக் கெர்ஸ் 1990ல் சேர்ந்தவர். இந்தப் பாட்டு அதற்கு முந்தியது, 1984ல் வந்தது. சோலோ ஓடும் அந்தச் சில நொடியில் கேமரா தவறான ஆளிடம் நின்றால், காதால் பிரித்து அறியத் தெரியாத புது ரசிகனுக்கு யார் எதை வாசித்தார் என்பதே தெரியாமல் போய்விடும். கச்சேரியை நேரில் பார்ப்பவன் தானே கண்ணைத் திருப்பிக்கொள்வான். படம் பார்ப்பவனுக்கு எடிட்டர் விட்ட வழிதான்.

பாட்டுக்கு முன்னால் வரும் குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1940ல் பிரிட்டன் வான்வெளியில் ஜெர்மானியரோடு சண்டையிட்ட விமானிகளைப் பற்றிய பாட்டு இது. அதனால் மேடை இருட்டானதும் அந்த ஆண்டு வின்ஸ்டன் சர்ச்சில் ஆற்றிய உரையின் ஒலிப்பதிவைப் போடுவார்கள். மும்பைக் கூட்டம் அந்தக் குரலைக் கேட்டதும் ஆர்ப்பரிக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கும் நாட்டில் சர்ச்சிலுக்கு இப்படி ஒரு வரவேற்பு என்பது எனக்கு இன்றும் நெருடுகிறது. எங்கள் அறையிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கூட்டம் கத்துவது அந்த மனிதருக்காக அல்ல, அடுத்து வரப்போகும் முதல் கிட்டார் அடிக்காக என்றார்கள் நண்பர்கள். அது உண்மைதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ தடுக்கிறது. பாட்டை விடவும் முடியவில்லை.

கச்சேரிப் படங்களைப் பற்றி மெட்டல் ரசிகர்கள் போடும் சண்டைகளில் முதலிடம் எடிட்டிங் வெட்டுக்குத்தான். அயர்ன் மெய்டனை எடுத்துக்கொண்டால் இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1985 மார்ச்சில் லாங் பீச் அரங்கில் எடுத்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’ இன்றும் பலருக்கு உரைகல். எகிப்தியக் கோயில் போன்ற அந்த மேடையை முழுதாகக் கண்ணில் நிறையவிட்டு, பிறகுதான் ஆட்களிடம் போகும். 2008ல் அது டி.வி.டி.யாக மறுபடி வந்தது, மும்பைக் கச்சேரி நடந்த அதே பிப்ரவரியில். அந்தப் பயணமே 1985 மேடையைத் திரும்பக் கொண்டுவரும் பயணம்தான்.

2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் முன்னால் வாசித்ததை ‘ராக் இன் ரியோ’ என்று 2002ல் வெளியிட்டார்கள். எடிட்டிங்கை பேஸ் கலைஞரும் குழுவின் தலைவருமான ஸ்டீவ் ஹாரிஸே செய்தார். ஷாட்டுகள் நிற்காமல் பறக்கும். கண் ஒரு முகத்தில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடும். “தலை சுத்துதுண்ணே” என்றுதான் எங்கள் பாலிடெக்னிக் தம்பி சொன்னான், உலகமெங்கும் ரசிகர்கள் சொன்னதும் அதுவே. ஹாரிஸின் பாட்டுகளுக்கு ஒரு நெடிலும் இரண்டு குறிலுமாக ஓடும் குதிரைப் பாய்ச்சல் உண்டு. அந்த ஓட்டத்தைப் படத்திலும் கொண்டுவர நினைத்திருப்பார் என்பது என் ஊகம். வேகம் இசையில் ஏற்கெனவே இருக்கிறது. படமும் சேர்ந்து ஓடினால் எதைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது? 2011ல் சாண்டியாகோவில் எடுத்து 2012ல் வந்த ‘என் விவோ’வில் திரையையே பல கட்டங்களாகப் பிரித்தார்கள். அதையும் எங்கள் அறை ஏற்கவில்லை.

தவில்காரரின் குறை இவை எதிலும் சேராது. அவருக்கு கிட்டார் பக்கம் கண்ணே போகாது. டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் எங்கே என்பார். டிரம்களும் சிம்பல்களும் கோட்டைச் சுவராகச் சூழ்ந்திருக்க, உள்ளே தலை மட்டும்தான் தெரியும். காதில் கேட்கும் பாஸ் டிரம் அடிகளை வைத்து இரண்டு காலும் வேலை செய்கின்றன என்று அவர் முதலில் கணக்குப் போட்டிருந்தார். மெட்டலில் பலர் இரட்டைப் பெடல் வைத்துக்கொள்வது வழக்கம். நிக்கோ ஒற்றைப் பெடல்காரர், அதுவும் வெறுங்காலில் மிதிப்பவர் என்று சொன்னதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

“ஒத்தக் காலுலயா? எங்க, காட்டு.”

காட்ட முடியவில்லை. கால் தெரியும் ஷாட் ஒன்று வரும், கண் பழகுவதற்குள் போய்விடும். அவர் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். கட்டைவிரல் பெடலில் எந்த இடத்தில் விழுகிறது, குதிகால் இறங்குகிறதா, தூக்கியே இருக்கிறதா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வலந்தலையில் விரல்கூடு மாட்டிய கையும் தொப்பியில் கழி பிடித்த கையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில் ஒரு வாழ்க்கையைச் செலவிட்டவர் அவர். இன்னொரு வாத்தியக்காரரிடம் அவர் பார்க்க விரும்புவதும் அந்த அளவுக்கு நுணுக்கமாக இருப்பதில் வியப்பில்லை.

எங்கள் ஊர் விழாக்களின் வீடியோக்கள் மீதும் அவருக்கு இதே கோபம் உண்டு. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவாகட்டும், சுற்றுவட்டக் கிராமங்களின் கொடைவிழாவாகட்டும், எடுக்கும் கேமரா கரகாட்டக்காரரைச் சுற்றும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களைக் காட்டும். தவிலும் பம்பையும் தமுக்கும் ஏறி ஏறி உச்சத்துக்குப் போகும் இடத்தில் திரையில் சீரியல் செட் விளக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த அடியை அன்று நேரில் கேட்டவர்களைத் தவிர யாராலும் திரும்பக் கற்றுக்கொள்ள முடியாது. பதிவு என்று ஒன்று இருந்தும் கலை அதில் ஏறவில்லை.

இதற்கு விலக்காக எங்கள் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அருட்சகோதரி சந்திரா நடத்தும் சக்தி நாட்டுப்புறக் கலை மையம், தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. அந்த மையத்தைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இசை தெரிந்தவர் கேமராவுக்குப் பின்னால் நின்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகவே அமைந்துவிடும். அடிக்குச்சி எந்தக் கோணத்தில் தோலில் விழுகிறது, சிண்டுக்குச்சியை விரல்கள் எப்படிப் பிடித்திருக்கின்றன, கால் எப்போது முன்னே போகிறது என்று பார்க்க நினைப்பவர் கேட்பதும் தவில்காரர் கேட்டதும் ஒன்றுதான். லாங் பீச்சில் எடுத்தால் என்ன, திண்டுக்கல்லில் எடுத்தால் என்ன?

ஒலியைப் பற்றியும் ரசிகர்களுக்கு இதே கண்டிப்பு உண்டு. 1979ல் ஜப்பானில் பதிவு செய்து ஜூடாஸ் பிரீஸ்ட் வெளியிட்ட ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’ நேரடி ஆல்பத்தில் குரல் பின்னால் ஸ்டூடியோவில் பாடிச் சேர்த்தது என்று எழுந்த சந்தேகம் பல்லாண்டுகள் நீடித்தது. பிசிறு இருந்தால் இருக்கட்டும், அன்றைய இரவின் மூச்சு அதில் இருக்க வேண்டும் என்பதுதான் கேட்பவரின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ‘ஃப்ளைட் 666’ தட்டைப் பற்றி எனக்குள்ள மனத்தாங்கலும் இதிலிருந்து வருவதே. பாட்டுக்கு ஓர் ஊர் என்பது ஊர்களுக்குப் பெருமை. ஆனால் ஒரே இரவில் பாடகரின் தொண்டை எப்படி இறுகி, எப்படித் திறந்து, கடைசிப் பாட்டில் எப்படிக் களைக்கிறது என்ற கதை அதில் இல்லை.

அந்தப் படத்தில் என்னால் மறக்க முடியாத ரசிகர் கொலம்பியாக்காரர். போகோட்டாவில் கச்சேரி முடிந்து கூட்டம் கலைகிறது. நிக்கோ வீசிய டிரம் குச்சியைக் கையில் பிடித்தபடி அவர் அழுகிறார். பேச்சு எதுவும் இல்லை. கேமரா அவசரப்படாமல் அவரிடம் நிற்கிறது. இரண்டு மணி நேரக் கச்சேரியில் கிடைக்காமல் நாங்கள் ஏங்கிய பொறுமை இந்த ஒரு ஷாட்டில் இருக்கிறது. பூட்டுப் பட்டறை நண்பர் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

அதன் பிறகு படங்கள் குறைந்துவிட்டன. 2018ல் தொடங்கிய ‘லெகஸி ஆஃப் தி பீஸ்ட்’ பயணத்தில் ‘ஏசஸ் ஹை’ பாட்டின்போது மேடைக்கு மேலே ஒரு ஸ்பிட்ஃபயர் விமான மாதிரியே பறந்தது. கண்ணுக்கென்றே கட்டிய மேடை அது. ஆனால் 2020 நவம்பரில் வெளியானது மெக்சிகோ சிட்டியில் எடுத்த ஒலிப்பதிவு மட்டுமே, படம் கிடையாது. உலகெங்கும் ரசிகர்கள் வருந்தினார்கள், எங்கள் அறையில் கோபமே வந்தது. 2024 டிசம்பர் 7 அன்று சாவ் பாலோவில் வாசித்ததோடு நிக்கோ சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 2025 பயணத்தில், கச்சேரி நேரத்தில் செல்போனை உயர்த்திப் பிடிக்காதீர்கள் என்று குழுவின் மேலாளர் ராட் ஸ்மால்வுட் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முன்னால் நிற்பவன் கையில் ஒளிரும் திரை பின்னால் நிற்பவனின் இரவைக் கெடுக்கிறது. ஆனால் போன்களைக் கீழே இறக்கச் சொல்லும் குழுவுக்கு ஒரு கடமை இருக்கிறது. வர முடியாதவர்களுக்காக ஒரே இரவின் முழுக் கச்சேரியைத் தானே நல்லபடியாக எடுத்துத் தர வேண்டும்.

தவில்காரர் இப்போதும் கேட்கிறார்: “அந்த ஒத்தக் கால்காரரு கடைசிக் கச்சேரி வந்துச்சா தம்பி? கால் தெரியுதா?”

1992ல் சிங்கப்பூரில் தொடங்கி, வேத சுலோகங்களை டெத் மெட்டலோடு சேர்த்த ‘ருத்ரா’ குழுவையும் அதன் பாடகர் கதிரேசனையும் அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)