ஆடிக்காற்றும் கால்கரிப் பனியும்

பரமத்தி வேலூரில் மார்கழிக் குளிர் என்றால் விடியற்காலையில் 18, 19 டிகிரி. மதியம் 30-ஐத் தொட்டுவிடும். நாளைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இங்கிருந்து வேலைக்கும் படிப்புக்கும் கனடாவின் கால்கரி நகருக்குப் போகிறவர்கள் மைனஸ் 20 டிகிரிக்குத் தயாராகவே போகிறார்கள். காலையில் அப்படி உறைந்து கிடந்த தெருவில் மாலையில் தண்ணீர் ஓடும் என்று மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட நாளில் மேற்கே ராக்கி மலைகளுக்கு மேல் மேகம் வில்போல் வளைந்து நிற்கும். அதற்கு அடியில் நீல வானம் ஒரு பட்டையாகத் தெரியும். பிறகு மலைப் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று பலமாக அடிக்கும். சில மணி நேரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டி 10 டிகிரிவரைகூட ஏறிவிடும். இதற்குச் சினூக் என்று பெயர். பனியைத் தின்னும் காற்று என்றும் சொல்வார்கள். அது பொருத்தமான பெயர்தான். காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் பனியில் ஒரு பகுதி தண்ணீராகக்கூட மாறாமல் நேரே ஆவியாகிப் போகிறது.

சினூக் கொண்டுவரும் மாற்றத்தின் வேகத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 1943 ஜனவரி 22 காலை 7.30 மணிக்கு, அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற மலையடிவார ஊரில் மைனஸ் 20 டிகிரி. இரண்டே நிமிடத்தில் அது பிளஸ் 7 ஆனது. 9 மணிக்கு 12 டிகிரி. பிறகு காற்று ஓய்ந்தது. அடுத்த 27 நிமிடத்தில் மறுபடி மைனஸ் 20. ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? ஆல்ப்ஸ் மலையிலும் இதே வகைக் காற்று உண்டு. அது சகாராப் பாலைவனத்திலிருந்து வருகிறது என்றே ஐரோப்பாவில் பலர் நம்பியிருந்தார்கள். 1866-இல் ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியுஸ் ஃபான் ஹான், சூடு வெளியிலிருந்து வரவில்லை, மலையைக் கடக்கும்போதே உண்டாகிறது என்று விளக்கினார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே விஷயம்தான். அமுக்கினால் காற்று சூடாகும், விரிந்தால் குளிரும். மலையேறும் காற்று விரிகிறது, இறங்கும் காற்று அமுக்கப்படுகிறது. வறண்ட காற்று 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிரும். இறங்கினால் அதே அளவு சூடாகும். மேகம் கட்டிய காற்றோ ஏறும்போது 6 டிகிரி அளவுக்குத்தான் குளிரும். நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பசிபிக் கரையில் 10 டிகிரியில் இருக்கும் காற்று 500 மீட்டரில் மேகமாகி, 2,500 மீட்டர் உயரம்வரை ஏறுகிறது. உச்சியில் மைனஸ் 7. வழியிலேயே மழையும் பனியுமாக ஈரத்தைக் கொட்டிவிட்டது. மறுபக்கம் சுமார் 1,000 மீட்டர் உயரத்திலிருக்கும் கால்கரிக்கு அது இறங்கும்போது 15 டிகிரி கூடி, பிளஸ் 8 ஆகிவிடுகிறது. ஏறிய பக்கத்தில் இதே உயரத்தில் அது வெறும் 2 டிகிரியில்தான் இருந்தது! மழையே பெய்யாவிட்டாலும், உயரத்திலிருந்த காற்று கீழே இழுக்கப்பட்டாலே சூடு கிடைக்கும் என்பதையும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

சரி, இவ்வளவு திடீரென்று ஏன் மாறுகிறது? வடதுருவப் பக்கத்துக் குளிர்காற்று கனமானது. சமவெளியில் தரையோடு தேங்கிக் கிடக்கும். சினூக் அதைத் தள்ளிக்கொண்டு முன்னேறும். கொஞ்சம் தளர்ந்தால் குளிர்காற்று திரும்ப வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை ஊரைத் தாண்டிப் போய் வரும் ஒவ்வொரு முறையும் பருவமே மாறியதுபோல் இருக்கும்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்த இயற்பியல் புதிதல்ல என்பதுதான் என்னைப் பெரிதும் வியக்க வைக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, ஈரத்தைக் கேரளத்திலும் குடகிலும் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு இறங்குகிறது. அங்கே வெள்ளம், இங்கே புழுதி. பரமத்தி வேலூர்க் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி படர நடும் அகத்தியே இந்த வறட்சியில் அதற்கு நிழலும் காற்றுத் தடுப்புமாக நிற்கிறது. ஆனால் மலை பறித்துக்கொண்ட மழையில் ஒரு பங்கு குடகிலிருந்து காவிரியாக இறங்கி, ஜேடர்பாளையத்தில் ராஜா வாய்க்காலாகப் பிரிந்து அதே கொடிக்கால்களுக்கு வந்து சேருகிறது. கால்கரியின் நடுவே ஓடும் போ ஆறும் ராக்கி மலையில் விழுந்த பனியில் பிறந்ததுதான்.

உங்கள் பிள்ளைகள் கால்கரியில் இருந்தால், சினூக் அடித்த மறுநாள் போன் செய்து ஒன்று சொல்லுங்கள். பகலில் உருகிய தண்ணீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்து சாலையில் கிடக்கும், பார்த்து நடக்கட்டும். ஏப்ரல் கடக்கும்வரை குளிர்க் கோட்டை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டாம்.