பால்காரரும் வெப்பமானியும்

சித்திரை வெயிலில் காயும் விஸ்வநத்தத்தில் இருந்துகொண்டு உறைநிலையைப் பற்றி எழுதுகிறாளே என்று தோழியர் நகைக்கலாம். ஆயினும் நாம் அன்றாடம் அருந்தும் பாலுக்கும் உறைநிலைக்கும் தொடர்பு உண்டு.

தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. அதில் சர்க்கரையோ உப்போ கரைந்திருந்தால் உறைநிலை குறையும். இதற்கு உறைநிலைத் தாழ்வு என்று பெயர். 1880-களில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ரௌல்ட் இதை விரிவாக ஆராய்ந்தார். பாலில் இயற்கையாகவே சர்க்கரையும் உப்புகளும் இருப்பதால், அது பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 0.54 டிகிரியில் உறைகிறது. தண்ணீர் கலந்தால் உறைநிலை பூஜ்யத்தை நோக்கி உயரும். இவ்வாறு கலப்படத்தைக் கண்டறியும் கருவி ஒன்றை அமெரிக்கரான ஹார்ட்வெட் 1921-இல் விவரித்தார்.

ஆனால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தாலும் மாற்றம் 0.05 டிகிரிதான்! ஆகவே சிறு பிழையும் பெரும் பிழையே.

இதை நான் அனுபவத்தில் உணர்ந்தேன். 100 கிராம் காய்ச்சி வடித்த நீரில் 17.1 கிராம் சர்க்கரையைக் கரைத்து, சோதனைக் குழாயில் ஊற்றி, பனிக்கட்டியும் கல்லுப்பும் சேர்ந்த குளிர் கலவையில் வைத்தேன். கணக்குப்படி பூஜ்யத்திற்குக் கீழே 0.93 டிகிரி வரவேண்டும். நான் குறித்ததோ 3 டிகிரி!

காரணம் என்ன? கரைசல் உறைநிலைக்கு வந்தவுடன் உறைந்துவிடுவதில்லை. உறையாமலே மேலும் குளிர்கிறது. இதுவே மீக்குளிர்வு. முதல் பனித்துகள் தோன்றியதும் வெப்பநிலை சட்டென உயர்ந்து ஓரிடத்தில் நிற்கும். நிற்கும் அளவைக் குறிக்காமல், தாழ்ந்த அளவைக் குறித்தது என் பிழை. மீக்குளிர்வு மிகுந்தால் அந்த நிற்கும் அளவும் தாழ்ந்துவிடும். ஏனெனில் நீர் மட்டுமே பனியாகிறது, எஞ்சிய கரைசலில் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. விடாமல் கலக்கினால் இப்பிழை குறையும்.

வேறு பிழைகளும் உண்டு. வெப்பமானியின் பூஜ்யமே தவறியிருக்கலாம். முதலில் தூய நீரின் உறைநிலையைப் பார்த்துக் கழிக்க வேண்டும். பள்ளி வெப்பமானியில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடுதான், 0.01 டிகிரி வரை காட்டுவது பெக்மன் வெப்பமானி. உவர்ப்பான கிணற்று நீரை இச்சோதனைக்குப் பயன்படுத்தலாகாது.

பால் சோதனையில் இன்னும் இரண்டு கவனிக்கத்தக்கவை. நம் ஊர் வெயிலில் பால் விரைவில் புளிக்கும். புளித்த பாலின் உறைநிலை தாழ்வதால், கலந்த தண்ணீர் மறைந்துபோகும். மாறாக, கழுவிய குழாயில் நீர்த்துளிகள் தங்கினால் நல்ல பாலும் தண்ணீர்ப் பாலாகத் தோன்றும். சோதிப்பவர் குழாயைத் துடைக்க மறந்தால், பழி ஏற்பவர் பால்காரர்!

ஆகவே தோழியரே, பிறரைக் குற்றம் சொல்லுமுன் நம் கருவியையும் கண்ணையும் ஒருமுறைக்கு இருமுறை சோதித்துக்கொள்வோம்.