குளிர்விக்கும் நீரும் எவர்சில்வர்க் குழாயும்

நம் இல்லங்களில் எவர்சில்வர் என்று வழங்கும் உலோகத்திற்கு நூல்களில் துருவுறா எஃகு என்று பெயர். இரு பெயர்களும் ஒரே நம்பிக்கையை ஊட்டுகின்றன: இவ்வுலோகம் என்றும் கெடாது என்பதே அது. சமையலறையில் அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால், ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் குளிர்விக்கும் நீரைக் கொண்டுசெல்லும் குழாய்களை இவ்வெஃகினால் அமைக்கும்போது அதே நம்பிக்கையுடன் இருந்துவிடுதல் கேடாய் முடியும். நீரில் கரைந்துள்ள குளோரைடே இதற்குக் காரணமாகும்.

கண்ணுக்குப் புலனாகாத கவசம்

இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேருமாயின், அது ஆக்சிஜனுடன் கூடி உலோகத்தின் மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே. சிராய்ப்பினால் அது சிதைந்தாலும் மீண்டும் தானே வளர்ந்துவிடும். எஃகைக் காப்பது இப்படலமேயன்றி வேறன்று.

குளோரைடு அயனிகள் இப்படலத்தின் வலுக்குன்றிய புள்ளிகளைத் தாக்குகின்றன. ஊசிமுனையளவு இடத்தில் படலம் உடைந்ததும் அங்கே உலோகம் கரைகிறது. கரைந்த உலோகம் நீருடன் வினைபுரிந்து அமிலத்தைத் தோற்றுவிக்கிறது. மேலும் குளோரைடு குழிக்குள் இழுக்கப்படுகிறது. இவ்வாறு, வெளியே சாதாரண நீர் ஓடிக்கொண்டிருக்க, குழிக்குள் ஐதரோகுளோரிக் அமிலக் கரைசல் ஒன்று உருவாகிவிடுகிறது. சாதாரண எஃகுக் குழாய் பெரும்பாலும் பரவலாகத் துருப்பிடித்து, தன் நலிவை முன்னதாகவே காட்டிவிடும். துருவுறா எஃகோ பளபளப்பு மாறாமல் இருந்து, ஒரு நாள் ஒழுகத் தொடங்கும்.

கேஸ்கட்டின் அடி, பற்றவைப்பின் ஓரம், படிந்த சேற்றின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களிலேயே இக்கேடு முதலில் தோன்றும். குறுகிய இடுக்குகளில் ஆக்சிஜன் குன்றுவதால் படலம் மீண்டும் வளர இயலாமையே காரணம். உலோகம் 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி, இழுவிசைக்கும் உட்பட்டிருந்தால், 304, 316 ஆகிய வகைகளில் குழியேயன்றி வெடிப்பும் உண்டாகலாம்.

எந்த எண்ணைக் கொள்வது?

கிணற்று நீரின் ஆய்வறிக்கையைப் பார்த்து எஃகைத் தேர்ந்தெடுப்பது பலரும் செய்யும் பிழை. இந்தியத் தரநிலை 10500 (2012) குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்க அளவாகக் கூறுகிறது. வேறு நீர் கிடைக்காதவிடத்து 1,000 மில்லிகிராம் வரை இசைவளிக்கிறது. மனிதர் குடிக்கத் தகுந்த நீர் 304 வகைக் குழாய்க்குத் தகாததாக இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

மேலும், குளிர்விப்புக் கோபுரத்தில் நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, உள்ளே விடும் நீரில் 120 மில்லிகிராம் குளோரைடு இருந்து, சுழலும் நீர் ஐந்து மடங்கு செறிவடையுமாயின், குழாயில் ஓடுவது 600 மில்லிகிராம் கொண்ட நீராகும். கிருமிகளை அழிக்க இடும் குளோரினும், காரத்தன்மையைக் குறைக்கச் சிலர் இடும் ஐதரோகுளோரிக் அமிலமும் இதனை இன்னும் உயர்த்தும்.

நீர்ச் சிக்கனம் இவ்வினாவை மேலும் முக்கியமாக்கியுள்ளது. நம் அனல் மின் நிலையங்களின் நீர்ச் செலவுக்கு 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள அனல் மின் நிலையங்கள் சுத்திகரித்த அந்நீரைப் பயன்படுத்த வேண்டுமென 2016 ஆம் ஆண்டின் மின் கட்டணக் கொள்கை பணித்தது. இவை நாட்டுக்கு நன்மை பயப்பன. ஆயினும், குறைந்த நீரைப் பலமுறை சுழற்றினால் உப்பின் செறிவு ஏறும். நேற்று பொருந்திய குழாய் இன்று பொருந்தாமற் போகலாம்.

எந்த எஃகு?

குரோமியத்தின் விழுக்காடு, மாலிப்டினத்தின் விழுக்காட்டைப் போல் 3.3 மடங்கு, நைட்ரஜனின் விழுக்காட்டைப் போல் 16 மடங்கு ஆகியவற்றைக் கூட்டிவரும் தொகையைக் குழியெதிர்ப்பு எண் எனலாம். ஏறத்தாழ, 304 வகைக்கு இது 18. மாலிப்டினம் சேர்ந்த 316 வகைக்கு 24. 2205 எனும் இருநிலை எஃகிற்கு 35. ஆறு விழுக்காடு மாலிப்டினம் உடைய வகைகளுக்கு 40-க்கு மேல்.

தூய்மையாக, தடையின்றி ஓடும், சூடற்ற நீரில் 304 வகைக்கு 200 மில்லிகிராமும், 316 வகைக்கு 1,000 மில்லிகிராமும் எல்லை என்பது பொறியாளரிடையே வழங்கும் பொது விதி. வெப்பமோ படிவோ இடுக்கோ உள்ளவிடத்து இவ்வெல்லை தாழும். உவர்நீருக்கு 2205 வகையை நாடலாம். கடல்நீரில் குளோரைடு சுமார் 19,000 மில்லிகிராம் இருப்பதால் 304, 316 வகைகளை அங்கே எண்ணவே வேண்டா. அதற்கு 40-க்கு மேற்பட்ட எண்ணுடைய எஃகோ டைட்டானியமோ வேண்டும்.

களப்பணியாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை

நல்ல எஃகும் கவனக்குறைவால் கெடும். பற்றவைப்பின் அருகே தோன்றும் நீல, பழுப்பு நிறங்களை அமிலக் குளியலால் நீக்குக. நீர் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல் ஓடுமாறு செய்தால் சேறு படியாது. அழுத்தச் சோதனைக்குப் பின் குழாயில் நீரைத் தேக்கி வைக்கற்க. தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, குழாய் பயனுக்கு வருமுன்னரே பற்றவைப்புகளைத் துளைத்துவிடுவதுண்டு.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே விளக்கலாம். கிணற்று நீரில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்து, பின் வெள்ளி நைட்ரேட்டு விட்டால், திரிந்த பால் போன்ற வெண்மையான வீழ்படிவு தோன்றும். அந்நீரையே காய்ச்சி ஐந்திலொரு பங்காகச் சுண்டவைத்து, அளவு மாறாமல் மீண்டும் சோதித்தால் வீழ்படிவு மிகுந்திருக்கக் காணலாம். கோபுரத்தில் நிகழ்வதும் இதுவே.

ஆகவே எஃகைத் தேர்ந்தெடுப்போர், நீர் உள்ளே வரும் வாயிலில் அன்று, அது மிகச் சூடாகவும் மிகச் செறிவாகவும் மிக மெதுவாகவும் இருக்கும் இடத்தில் அதன் குளோரைடை அறிந்து முடிவு செய்வாராக.