பெயரைச் சொல்லாதீங்கோ, படத்தைக் காட்டுங்கோ

அப்பம்மாட கடைசிப் படங்கள் அப்பாட 2002 கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கு. வேற கொப்பி இல்லை. அதை லேப்டாப்பில் பார்க்கக் கடைக்குப் போய், "ஐடிஇ அடாப்டர் இருக்கா?" என்று கேட்டேன். நின்ற பொடியன், "அது என்ன ஆப்பா?" என்றான். பிறகு சாட்டா அடாப்டர் ஒன்றை எடுத்து நீட்டினான். அது பொருந்தாது.

அடுத்த கடையில் டிஸ்க்கின் பின்பக்கப் படத்தைக் காட்டினேன். உடனே கிடைத்தது.

நீங்களும் முதலில் முள்ளுகளைப் பாருங்கோ. இரண்டு வரிசையாக முள் இருந்தால் ஐடிஇ. மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் 40 முள்ளுக்கான இடம். நடுவில் ஒன்று இல்லாட்டி அது உடைஞ்சதில்லை, அப்படித்தான் செய்வினம். லேப்டாப் டிஸ்க்கில் நெருக்கமாக 44. முள்ளே இல்லாமல், தட்டையான எல் வடிவம் என்றால் 2003-இல் வந்த சாட்டா.

மேசை டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும். சாதாரண யூஎஸ்பி 5 வோல்ட்தான் தரும். அதனால் பெட்டிக்குள்ள தனிப் பவர் அடாப்டரும் இருக்கா என்று பார்த்து வாங்குங்கோ.

டிஸ்க் "டிக் டிக்" என்று அடிச்சால் உடனே நிப்பாட்டுங்கோ. திரும்பத் திரும்பப் போட்டால் இன்னும் பழுதாகும். எங்கட டிஸ்க் சத்தமில்லாமல் ஓடிச்சு. படங்களைப் பார்க்க முதல் இரண்டு கொப்பி எடுத்தேன்.