சுருளும் காந்தமும் இல்லாத மோட்டார்

சாதாரண மின்மோட்டாரைப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கும். மீயொலி மோட்டாரில் இரண்டுமே கிடையாது. ஓர் உலோக வளையம், அதன் அடியில் ஒட்டிய பீங்கான் வில்லைகள், வளையத்தின் மேல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு வளையம், இவ்வளவுதான்.

அந்தப் பீங்கான் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவை சேர்ந்த ஆக்சைடு. மின்னழுத்தம் கொடுத்தால் இம்மியளவு நீளும். மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் சுருங்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதை 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தனர். இது அதன் மறுதலை.

மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கும் மேலான வேகத்தில் மின்னழுத்தம் மாறும்போது வளையம் அதிர்கிறது. பீங்கான் வில்லைகளை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒன்றுக்குக் கால் சுற்று தாமதமாக மின்சாரம் கொடுத்தால், அதிர்வு ஓரிடத்தில் நில்லாமல் வளையத்தைச் சுற்றி ஓடும் அலையாகிறது. அலையின் உயரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் வளையப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் நீள்வட்டமாகச் சுழல்வதால், முகடுகளில் அமர்ந்திருக்கும் மேல்வளையம் உரசித் தள்ளப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், கடலில் முகட்டு நீர் அலை போகும் திசையிலேயே நகரும். இங்கே முகடு எதிர்த்திசையில் தள்ளுகிறது. தாமதத்தை மற்ற அணிக்கு மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுழலும்.

மற்ற இயந்திரங்களில் எண்ணெய் விட்டுக் குறைக்கப்படும் உராய்வுதான் இங்கே இயக்குவிசை. வேகம் குறைவு, முறுக்குவிசை அதிகம். எனவே பற்சக்கரங்கள் பெரும்பாலும் வேண்டியதில்லை. மின்சாரம் நின்றதும் வளையங்கள் ஒன்றையொன்று கவ்வி அப்படியே நிற்கும்.

ஜப்பானில் தோஷியிகு சஷிதா 1980களின் தொடக்கத்தில் இதை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். 1987இல் கேனான் நிறுவனம் தன் 300 மி.மீ. கேமரா லென்ஸில் பொருத்தியது. லென்ஸ் வட்டமானது, மோட்டாரும் வளையம். இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. குவியம் சத்தமின்றி, சட்டென்று நிற்கிறது. காந்தம் இல்லாததால், வலிய காந்தப்புலம் கொண்ட எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இயங்கும் சாதனங்களுக்கும் இது உதவுகிறது.

குறையும் அதே உராய்வில்தான் இருக்கிறது. தொடும் பரப்பு தேய்வதால், ஓயாமல் ஓடவேண்டிய மின்விசிறிக்கோ பம்புக்கோ இது ஒத்துவராது. சூடேறினால் வளையத்தின் இயல்பு அதிர்வெண்ணும் நழுவும். அதைப் பின்தொடர்ந்து மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் திருத்திக்கொண்டே இருக்கத் தனிச் சுற்று தேவைப்படுகிறது.