தூள் ஏன் மக்கர் செய்கிறது?

சிமென்ட், சுண்ணாம்பு, பால்பவுடர், எதைக் கையாளும் தொழிற்சாலையானாலும் சரி, தூளைக் கீழ்வாய் வழியே இறக்கும் கூம்புத் தொட்டியான ஹாப்பரின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும்; சரக்கு ஒழுங்காக இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்காத ஹாப்பரின் கூம்பில் நெளிவும் பள்ளமுமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல் அடி. அடிபட்ட தகடு உள்பக்கம் புடைத்துக்கொண்டு, சரிந்து வரும் தூளை மேலும் மறிக்கும். வாய் மூடியிருக்கும்போது தட்டினால் இன்னும் மோசம். உள்ளே இருப்பது நன்றாக இறுகிவிடும்.

தூளைத் தண்ணீர் கணக்கில் சேர்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. தொட்டியில் ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும். தானியக் கிடங்கில் அப்படியில்லை என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895-லேயே காட்டிவிட்டார். ஓர் ஆழத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறுவதில்லை. மிச்ச எடையை உராய்வின் மூலம் சுவர் தாங்கிக்கொள்கிறது. அந்த உராய்வும் துகள்களுக்கு இடையே உள்ள ஒட்டுதலும் சேர்ந்தால், வாய்க்கு மேலே தூள் வளைவு கட்டி நின்றுவிடும். அல்லது நடுவில் மட்டும் செங்குத்தாகத் துளை விழுந்து, சுற்றியிருப்பது மாதக்கணக்கில் அசையாமல் கெட்டுப்போகும். வளைவை உடைக்க உள்ளே இறங்கியவர் மீது சரக்கு மொத்தமாகச் சரிந்து உயிர் போனதும் உண்டு. அமெரிக்கத் தானியக் கிடங்குகளில் இப்படிச் சிக்குபவர்களைப் பர்டியூ பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பட்டியலிட வேண்டிய அளவுக்கு இது நடக்கிறது.

போலந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜெனிக்கி, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார். 1961-லும் 1964-லும் வெளியான அவருடைய இரண்டு அறிக்கைகள்தான் இன்றைக்கும் இந்தத் துறைக்கு அடிப்படை. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இவ்வளவு அழுத்தத்தில் இறுகிய தூளை உடைக்க எவ்வளவு விசை வேண்டும்?

புட்டு மாவு பிசைபவர்களுக்கு இது புதிதல்ல. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஜெனிக்கி அதை எண்ணாக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த இரண்டு உலோக வளையங்கள், உள்ளே தூள், மேலே மூடி, அதன்மேல் எடை. முதலில் எடை வைத்துத் தூளை இறுக்குவார்கள். பிறகு எடையைக் குறைத்து, மேல் வளையத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் தள்ளுவார்கள். விசை ஏறி ஏறி ஒரு கட்டத்தில் தூள் விட்டுக்கொடுக்கும். வெவ்வேறு எடைகளில் இதையே திரும்பச் செய்ய வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. இன்று மோட்டார் சுழற்றும் வட்டக் கருவிகள் இதைச் சுலபமாக்கிவிட்டன.

கிடைப்பது ஒரு விகிதம்: இறுக்கிய அழுத்தத்தை, இறுகிய தூளின் வலிமையால் வகுத்தால் வருவது. 10-க்கு மேல் என்றால் தாராளமாக ஓடும். 4-க்குக் கீழே ஒட்டும் ரகம், 2-க்குக் கீழே பெரும் தலைவலி. வாயின் அளவையும் இதே சோதனை சொல்லும். வளைவு நிற்குமா விழுமா என்ற எல்லையில் தூளின் வலிமை 1 கிலோபாஸ்கல், அடர்த்தி கனமீட்டருக்கு 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வட்ட வாய் குறைந்தது 40 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். நீண்ட பிளவு வாய் என்றால் அதில் பாதி போதும்.

ஆனால் பல இடங்களில் நடப்பது குறுக்குவழி. அளவுச் சாடியில் தூளைக் கொட்டித் தட்டிப் பார்ப்பார்கள். 100 மில்லி 80 மில்லியாக அமுங்கினால் கார் குறியீடு 20. மாத்திரைத் தொழிலில் இது 'பரவாயில்லை' ரகம். கொட்டிய குவியலின் சரிவுக் கோணத்தை அளப்பது இன்னொரு வழி. நேற்று வந்த சரக்கும் இன்று வந்ததும் ஒன்றுதானா என்று பார்க்க இவை உதவும். ஹாப்பர் வடிவமைக்க உதவாது. லேசாகக் கொட்டிய குவியலுக்கு, பல டன் பாரத்தின் கீழ் மூன்று நாள் கிடந்த தூளைப் பற்றி என்ன தெரியும்?

அந்த மூன்று நாள் முக்கியம். வெள்ளிக்கிழமை நிரப்பித் திங்கட்கிழமை திறக்கும் ஆலையென்றால், மாதிரியையும் அதே அழுத்தத்தில் அத்தனை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் தள்ளிப் பார்க்க வேண்டும். ஈரமும் அப்படித்தான். மழைக்காலத்தில் நனைந்த நிலக்கரி, சேமிப்புத் தொட்டியான பங்கரில் அப்பிக்கொள்வது நம் அனல்மின் நிலையங்களுக்குப் பழகிப்போன தொல்லை. கோடையில் எடுத்த உலர்ந்த மாதிரியைச் சோதித்துப் பயனில்லை.

சுவரையும் விட்டுவிட முடியாது. கீழ் வளையத்தின் இடத்தில் சுவர்த் தகட்டின் துண்டை வைத்து அதன்மேல் தூளைத் தள்ளினால் உராய்வுக் கோணம் கிடைக்கும். துருப்பிடித்த இரும்புக்கு ஒன்று, மெருகேற்றிய எவர்சில்வருக்கு வேறொன்று, வழவழப்பான பிளாஸ்டிக் உறைக்கு மற்றொன்று. கூம்பு எவ்வளவு செங்குத்தாக இருந்தால் சரக்கு முழுவதும் ஒன்றாக அசையும் என்பதை இந்தக் கோணம்தான் முடிவு செய்கிறது. பழைய ஹாப்பரை இடிக்காமல் உள்ளே உறை மட்டும் போட்டால் போதுமா என்பதும் இதில் தெரிந்துவிடும்.